கைருன்னிசாவிடம் யாரும் கேட்கவில்லை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக ஹைதராபாத் கோட்டியில் உள்ள பெண்கள் கல்லூரிக்குப் போயிருந்தேன். மதிய இடைவேளையில் அங்கே படிக்கும் மாணவி ஒருத்தி என்னைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போனாள். முன்னால் பெரிய தூண்களோடும் சிங்கச் சிலைகளோடும் நிற்கிறதே மாளிகை, அதன் குட்டி வடிவம் ஒன்று அங்கே இருந்தது. பொம்மை வீடு. இருநூறு வருடங்களுக்கு முன் இந்த மாளிகையைக் கட்டிய வெள்ளைக்கார அதிகாரி தன் முஸ்லிம் மனைவிக்காகச் செய்து வைத்தது என்று சொன்னாள். மனைவி பர்தாவில் இருந்தவர். அந்தப்புரத்தை விட்டு முன்பக்கம் வந்து வீட்டின் முகப்பைப் பார்க்க முடியாது. அதனால் முகப்பையே சின்னதாக்கி அவர் பார்வைக்குக் கொண்டுவந்து வைத்தாராம். சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்திருந்தது. எவ்வளவு பிரியம் பாருங்கள் என்றாள்.

நானும் தலையாட்டினேன். ஊருக்குத் திரும்பும் ரயிலில்தான் உறுத்த ஆரம்பித்தது. தான் வாழ்ந்த வீட்டின் முன்வாசலைப் பொம்மையில் மட்டுமே பார்த்த ஒரு பெண்ணின் கதை எப்படிக் காதல் கதையாக நமக்கு வந்து சேர்ந்தது?

அந்த அதிகாரியின் பெயர் ஜேம்ஸ் அகில்லிஸ் கிர்க்பாட்ரிக். நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். 1764-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பிறந்தவர். அப்பா கம்பெனியின் குதிரைப்படை கர்னல், ஊரெல்லாம் 'அழகிய கர்னல்' என்று பெயர் வாங்கியவர். அம்மா கேத்தரின் மன்றோ சென்னை மருத்துவமனை டாக்டரின் மகள். ஜேம்ஸுக்கு இரண்டு வயது இருக்கும்போது, தனக்கு இருபத்துச் சொச்சம் வயதிலேயே இறந்துபோனார். தாயில்லாப் பிள்ளையைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பதினைந்து வயதில் 1779-இல் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் சேர்ந்து திரும்பி வந்தார்.

போர்க்களத்தில் அவர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. அவருடைய பலம் மொழிகளில் இருந்தது. பாரசீகமும் இந்துஸ்தானியும் நன்றாகத் தெரியும். அது அவரை ஹைதராபாத் நிஜாமின் தர்பாருக்குக் கொண்டுபோனது. 1797-இல், அங்கே கம்பெனியின் பிரதிநிதியாக, அன்றைய வழக்கில் ரெசிடென்டாக, இருந்த அவருடைய அண்ணன் வில்லியம் உடல்நலம் கெட்டு விலக, தம்பி அந்த இடத்துக்கு வந்தார். 1798 அக்டோபரில் நிஜாமிடம் வேலை பார்த்த பிரெஞ்சு அதிகாரிகளின் கீழிருந்த பதினான்காயிரம் பேர் கொண்ட படையைச் சண்டையே இல்லாமல் ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்தார்கள். அதில் முக்கியமான பங்கு இவருக்கு. 1800-இல் நிஜாமோடு போட்ட ஒப்பந்தத்தில் பெல்லாரி, கடப்பா வட்டாரங்கள் கம்பெனி கைக்கு வந்தன. பின்னால் சென்னை மாகாணத்தின் பகுதியான 'தத்த மண்டலம்' அதுதான். வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்குக் கிடைக்கும் இரண்டு வரிகள் இந்த இரண்டு காரியங்களுக்காகத்தான். எனக்கு அவற்றில் அவ்வளவு ஆர்வமில்லை.

இந்த ஒப்பந்த வேலைகள் நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான் கைருன்னிசா அவர் வாழ்க்கைக்குள் வருகிறாள். ஹைதராபாத்தின் உயர்ந்த சையது குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். தாத்தா பாக்கர் அலி கான் நிஜாமின் உயர் அதிகாரி. ராஜதந்திரி மீர் ஆலம் உறவுக்காரர். தந்தை இல்லை. அம்மா ஷரஃபுன்னிசாவும் பாட்டியும் சேர்ந்து வளர்த்தார்கள். கிர்க்பாட்ரிக்கும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தபோது அவருக்கு முப்பத்து நான்கு வயது. அவளுக்குப் பதினான்கு வயதிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆண்களை 'அவர்' என்றும் பெண்களை 'அவள்' என்றும் எழுதும் பழக்கத்தோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனாலும் இந்தக் கட்டுரையில் கைருன்னிசாவை 'அவள்' என்றுதான் எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் ஒரு பெரிய மனுஷி கண்ணுக்கு வருகிறார். வயது மறைந்துவிடுகிறது.

அவளுக்கு ஏற்கெனவே வேறொரு பிரபுக் குடும்பத்தில் மணம் பேசி முடித்திருந்தார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய அக்காவின் திருமணத்தில் திரைக்குப் பின்னாலிருந்து இந்த வெள்ளைக்கார அதிகாரியைப் பார்த்து ஆசைப்பட்டாள், அம்மாவும் பாட்டியும் அதற்குத் துணை நின்றார்கள், அவர்கள் அறியவே ஒரு இரவு அவள் அவரைத் தேடி வந்தாள், தன்னால் முடிந்தவரை அவர் மறுத்துப் பார்த்தார், பிறகு மனம் இளகிவிட்டது. கதை இப்படிப் போகிறது.

அழகான கதைதான். பதினெட்டாம் நூற்றாண்டு அந்தப்புரத்தில் தனக்குப் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி, தான் விரும்பியவனைத் தேடிப்போகும் ஒரு பெண். பெண்ணியவாதியான எனக்கு அவளைப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் இதைச் சொன்னது யார்? கிர்க்பாட்ரிக்தான். தன் அண்ணன் வில்லியமுக்கு எழுதிய கடிதத்தில். வில்லியம் அப்போது கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு நெருக்கமான ராணுவச் செயலாளர். ரெசிடென்ட் தன் பதவியைக் காட்டி ஒரு சையது குடும்பத்துப் பெண்ணைக் கெடுத்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. முதலில் அவர் எதுவும் இல்லை என்று மறுத்தார். மறுக்க முடியாத நிலை வந்தபோது எழுதிய விளக்கம் அது. குற்றம் சாட்டப்பட்டவர், தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, 'நானாகப் போகவில்லை, அவள்தான் வந்தாள்' என்று எழுதிய வாக்குமூலம். அதைத்தான் நாம் காதல் கடிதம்போலப் படித்து வருகிறோம்.

அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவரவில்லை. முழுக்க உண்மையாகவே இருக்கலாம். கைருன்னிசாவின் வீட்டுப் பெண்கள் அவர் பக்கம் நின்றதற்கு வேறு சாட்சியங்களும் இருக்கின்றன. தாத்தாவைச் சம்மதிக்க வைத்ததே வீட்டுப் பெண்களின் பிடிவாதம்தான். இங்கே மிரட்டியவன், ஏமாந்தவள் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. என் கேள்வி வேறு. 'அவளே விரும்பினாள்' என்ற வாக்கியத்தில் 'அவள்' மட்டும் ஏன் பேசவே இல்லை?

விசாரணை நடக்காமலும் இல்லை. 1801 இறுதியில் வெல்லெஸ்லியின் உத்தரவுப்படி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், அந்தப் பழைய ராபர்ட் கிளைவின் மகன், ரகசிய விசாரணை நடத்தினார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், எந்தக் கோட்டையில் கிர்க்பாட்ரிக் பிறந்தாரோ அதே கோட்டையில். ஹைதராபாத்திலிருந்து வந்த இரண்டு ராணுவ அதிகாரிகள் சத்தியப்பிரமாணம் செய்து சாட்சி சொன்னார்கள். பெண்ணின் குடும்பம் கட்டாயப்படுத்தப்பட்டதா, கம்பெனிக்கு நிஜாமிடம் கெட்ட பெயர் வருமா, ரெசிடென்ட் யாருடைய கைப்பாவையாகவாவது ஆகிவிட்டாரா என்றெல்லாம் கேட்டார்கள். அன்றைக்கு அந்த விசாரணையின் நடுவில் இருந்த பெண்ணுக்குப் பதினாறோ பதினேழோ வயது. கையில் பிறந்து சில மாதமே ஆன ஆண் குழந்தை. அவள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று அந்தக் கோட்டையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் அம்மாச்சிக்குப் பதினான்கு வயதில் கல்யாணம். எங்கள் வீட்டில் அது ஒரு காதல் கதை. சித்திரைத் திருவிழாவில் தாத்தா அவரைப் பார்த்துவிட்டு, கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தாராம். ஒவ்வொரு விசேஷத்திலும் தாத்தா இதைச் சொல்வார், எல்லோரும் சிரிப்போம். ஒருமுறை, தாத்தா போன பிறகு, நான் அம்மாச்சியிடம் கேட்டேன், உங்களுக்கும் பிடித்திருந்ததா என்று. வெற்றிலையை மென்றுகொண்டே, "எங்கிட்ட யாருத்தா கேட்டா?" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. தாத்தாவோடு அறுபது வருடம் நன்றாகவே வாழ்ந்தவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

கிர்க்பாட்ரிக் ஓடிப்போகவில்லை. அதையும் எழுத வேண்டும். அவருடைய காலத்தில் கம்பெனி அதிகாரிகள் இந்தியப் பெண்களை 'பீபி' என்று வைத்துக்கொள்வதும், மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போவதும் சர்வசாதாரணம். அவருக்கே அதற்கு முன் ஒரு இந்தியப் பெண்ணிடம் மகன் பிறந்திருந்தான். அந்த மகனை இங்கிலாந்துக்குத் தாத்தாவிடம் அனுப்பியிருந்தார். அவனைப் பெற்றவளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கைருன்னிசா விஷயத்தில் அப்படி நடந்துகொள்ளவில்லை. முறைப்படி நிக்காஹ் செய்துகொண்டார். அதற்காக இஸ்லாத்தைத் தழுவினார் என்றும் சொல்லப்படுகிறது. பதவி போகும் நிலை வந்தபோதும் கைவிடவில்லை. ரெசிடென்சி வளாகத்தில் அவளுக்காக ரங் மஹால் என்ற அந்தப்புரத்தைக் கட்டினார். 1801 மார்ச்சில் மகன் சாகிப் ஆலம், 1802-இல் மகள் சாகிப் பேகம்.

பிறகு 1805 வருகிறது.

பிள்ளைகளுக்கு நாலு வயது, மூன்று வயது. இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது என்று அப்பா முடிவெடுத்தார். அதற்குக் காரணம் இருந்தது. இந்தியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகளுக்குக் கம்பெனியின் நிர்வாகத்திலும் ராணுவத்திலும் கடற்படையிலும் இடமில்லை என்று 1791-இல் உத்தரவு வந்தது. 1795-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாவிட்டால் ராணுவத்தில் குழல் ஊதலாம், தம்பட்டம் அடிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். அவ்வளவுதான். சாகிப் ஆலம் ஹைதராபாத்தில் வளர்ந்தால், தன் அப்பாவும் தாத்தாவும் பார்த்த வேலை அவனுக்கு எந்நாளும் கிடைக்காது. நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்து போய், ஆங்கிலப் பெயரோடு வளர்ந்தால் தப்பிக்க வழியுண்டு. பணமும் பதவியும் உள்ள அப்பாக்கள் செய்த ஏற்பாடு இது. சாதாரணச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குச் சென்னையிலேயே அனாதை இல்லங்கள் திறந்தார்கள். பெண் குழந்தைகளுக்கு 1787-இல், ஆண் குழந்தைகளுக்கு 1789-இல். அனாதை என்று பெயர். பல குழந்தைகளுக்கு அம்மா உயிரோடுதான் இருந்தாள். இந்தியத் தாய் என்பவள் கணக்கில் வராதவள்.

அப்படியாகச் சாகிப் ஆலமும் சாகிப் பேகமும் சென்னைக்கு வந்தார்கள். கப்பல் ஏறும் முன் ஜார்ஜ் சின்னரி என்ற ஓவியர் அவர்களை வரைந்தார். ஹைதராபாத் உடையில், தலையில் குல்லாயோடு, இரண்டு குழந்தைகளும் ஆளுயரத்துக்கு நிற்கும் படம். அம்மாவிடம் இருக்கட்டும் என்று வரைந்தது. பிள்ளைகள் மேற்கே போனார்கள், படம் வடக்கே ஹைதராபாத்துக்குப் போனது.

அந்த வருடம் அக்டோபர் 15-ஆம் தேதி கிர்க்பாட்ரிக் கல்கத்தாவில் இறந்தார். வயது நாற்பத்தொன்று. ஏற்கெனவே ஈரல் கெட்டு உடல் தேய்ந்திருந்தவர், அதோடு பயணம் செய்தவர். கோட்டி மாளிகை அப்போது கட்டி முடியக்கூட இல்லை. அவருடைய உயிலில் கைருன்னிசாவைச் சிறந்த, மதிப்புக்குரிய பெண் என்று குறிப்பிடுகிறார். அதே வரியில் தன் பிள்ளைகளுக்கு அவர் பயன்படுத்தும் ஆங்கிலச் சட்டச் சொல் 'இயற்கைப் பிள்ளைகள்'. திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் என்று பொருள். நிக்காஹ் செய்தவர்தான். ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தின் முன் அந்த நிக்காஹுக்கு அவரால் ஒரு சொல் தர முடியவில்லை.

இங்கிலாந்தில் 1806 மார்ச்சில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் மாற்றினார்கள். சாகிப் ஆலம் வில்லியம் ஜார்ஜ் ஆனான். சாகிப் பேகம் கேத்தரின் அரோரா ஆனாள். சென்னையில் செத்துப்போன அப்பாவழிப் பாட்டியின் பெயர். உயிரோடு இருந்த அம்மாவின் பெயரில் ஒரு எழுத்துக்கூட எடுக்கவில்லை.

கைருன்னிசாவுக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். கணவரின் வாழ்க்கையைப் பற்றிய கட்டுரை என்றால் இங்கே முடித்துவிடலாம். பலர் இங்கேதான் முடிக்கிறார்கள். இவர்களைப் பற்றி 2002-இல் 'ஒயிட் முகல்ஸ்' என்ற பெரிய நூல் எழுதிய வில்லியம் டேல்ரிம்பிள் முடிக்கவில்லை. அவர் கைருன்னிசாவின் கடைசி வரை போகிறார். நூலைப் படித்துவிட்டு 'எப்பேர்ப்பட்ட காதல்' என்று சொல்பவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் எப்படி மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

1806-இல் அம்மா ஷரஃபுன்னிசாவோடு கல்கத்தா வரை பயணம் செய்து கணவரின் கல்லறைக்குப் போனாள். அங்கே அவளுக்கு உதவியாக இருந்தவர் ஹென்றி ரஸ்ஸல், கிர்க்பாட்ரிக்கிடம் வேலை பார்த்த இளம் அதிகாரி. உதவி உறவாக மாறியது. ஊரில் பெயர் கெட்டது. ஹைதராபாத்தில் அதிகாரத்துக்கு வந்திருந்த மீர் ஆலம், சொந்த உறவினரே, அவள் ஊருக்குள் திரும்பக் கூடாது என்று தடை விதித்தார். ரஸ்ஸல் அவளை மசூலிப்பட்டினத்தில் இருக்கவைத்துவிட்டுப் போனார். 1808-இல் சென்னையில் ஜேன் கசமேஜர் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அந்தப் பெண் சில மாதங்களிலேயே இறந்துபோனது தனிக் கதை. ரஸ்ஸலின் பெயர் கெடவில்லை. 1811-இல் ஹைதராபாத்தின் ரெசிடென்டாக, கிர்க்பாட்ரிக் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே உறவு. அதில் ஒருவருக்குப் பதவி உயர்வு, இன்னொருவருக்கு ஊர்விலக்கு.

மீர் ஆலம் இறந்த பிறகு அவள் ஹைதராபாத் திரும்ப முடிந்தது. 1813 செப்டம்பரில் இறந்தாள். இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. பிள்ளைகளைக் கப்பலேற்ற அனுப்பிய நாளுக்குப் பின் அவர்களை அவள் பார்க்கவே இல்லை.

1860-இல் ஒரு ரெசிடென்ட் ரங் மஹாலை இடித்துத் தள்ளினார். தனக்கு முன் இருந்தவர் ஒரு இந்தியப் பெண்ணோடு வாழ்ந்ததன் நினைவு அங்கே நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பொம்மை வீடு மட்டும் எப்படியோ தப்பியது. பெரிய மாளிகை 1949-இல் பெண்கள் கல்லூரிக்கு வந்தது. இப்போதைய பல்கலைக்கழகத்துக்கு, தன் நிலத்துக்காக ஜமீனை எதிர்த்து நின்ற சலவைத் தொழிலாளி சாகலி ஐலம்மாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். முன்வாசல் வழியாகத்தான் மாணவிகள் போகிறார்கள், வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

மகள் என்ன ஆனாள்? கிட்டி கிர்க்பாட்ரிக் என்ற பெயரில் இங்கிலாந்தில் வளர்ந்தாள். தாமஸ் கார்லைல் என்ற எழுத்தாளர் இளவயதில் அவளைச் சந்தித்து மயங்கித் தன் புத்தகத்தில் ஒரு நாயகியாக்கினார் என்பார்கள். அம்மாவைப் போலவே மகளும் ஆண்கள் எழுதிய பக்கங்களில்தான் முதலில் கிடைக்கிறாள். 1829-இல் ஒரு ராணுவக் கேப்டனைத் திருமணம் செய்தாள். அண்ணன் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டான். பிறகு ஒருநாள், ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியிருந்த ஹென்றி ரஸ்ஸலின் ஸ்வாலோஃபீல்ட் மாளிகைக்குப் போனபோது, சுவரில் தன்னையே கண்டாள். சின்னரி வரைந்த படம். அம்மாவிடம் இருக்கட்டும் என்று வரைந்த படம், அம்மாவை விட்டுப்போனவரின் வீட்டுச் சுவரில். அங்கேயே அழுதாள். ரஸ்ஸல் தன் உயிலில் அதை அவளுக்கு எழுதிவைத்தார். இன்று அந்தப் படம் ஹாங்காங்கில் ஒரு வங்கியின் சேகரிப்பில் இருக்கிறது.

1841-இல் அவளுக்கு ஒரு செய்தி கிடைத்தது. பாட்டி ஷரஃபுன்னிசா ஹைதராபாத்தில் உயிரோடு இருக்கிறார். முப்பத்தாறு வருடங்களுக்குப் பிறகு பேத்தி பாட்டிக்குக் கடிதம் எழுதினாள். இந்த நீண்ட கதையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் பக்கங்கள் இவைதான். மூன்று வயதில் பிரிந்தபோது அம்மா எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பது இன்னும் கண்ணில் நிற்பதாக எழுதுகிறாள். அம்மாவின் அழுகுரல் நினைவிருக்கிறது. நீண்ட தலைமுடியை அம்மா பிய்த்துக்கொண்டது நினைவிருக்கிறது. விசாரணைகளிலும் வாக்குமூலங்களிலும் உயிலிலும் எங்கேயும் எழுதப்படாத கைருன்னிசாவின் குரல் இந்த ஒரு இடத்தில் கேட்கிறது. அதுவும் சொல்லாக இல்லை, அழுகையாக.

அந்த முடியில் ஒரு கற்றை கிடைத்தால்கூடப் போதும் என்று பேத்தி எழுதியிருந்தாள். பாட்டி அதை வைத்திருந்தார். மகள் இறந்து இருபத்தெட்டு வருடங்களாக. பாரசீகத்தில் ஒரு பதில் எழுதவைத்து, அதோடு முடிக்கற்றையையும் சேர்த்து, கடல்கடந்து அனுப்பினார்.